மலைநகரிற் புடமிட்ட பொன்

கண்டி மாநகருக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையில் உலாவி, பேராதனைப் பூங்காவையும் கண்டு திரும்புவதே வழக்கம். விடுமுறையொன்றில் மாணவர் சிலருடன் அங்கு சென்ற நாம், இவற்றோடு ஒரு துறவியின் அடிச்சுவட்டையும் தேடினோம். அவரே இலங்கையின் அப்போஸ்தலர் எனக் கத்தோலிக்கர் போற்றும் யோசவ்வாஸ் அடிகளார்.

கோவாவில் 1651ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருமாருக்கு இந்நாட்டில் இடமில்லாது போயிற்று. குருவின்றியே மக்கள் ஏறக்குறைய முப்பதாண்டுகள் தம் சமயத்தை மறைவிற் பேணினர். இதனைக் கேள்வியுற்ற அடிகளார் 1687இல் கூலியாள் வேடம் பூண்டு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். யாழ்ப்பாணத்தில் நோயுற்று வாடினார். உடல் தேறியதும் கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ, அவரே தாம் தேடும் மந்தையினர் என அறிந்துகொண்டார்.

1692இல் கண்டியரசினுள் நுழைந்ததும், போர்த்துக்கீச ஒற்றன் என்ற பழி அவர்மேல் விழுந்தது, சிறைப்பட்டார். இன்று போகம்பறையிற் காணும் சிறைக் கட்டடம் 1876இல் எழுந்தது. அடிகளார் கண்ட சிறையோ அதற்கு ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் முந்தியது. அங்கே அவர் சிங்களம் கற்றார். சிறு குடிலமைத்து வழிபாடு நடத்தினார். பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவரது தூய்மையை உணர்ந்து, சமயப்பணிக்கு இசைவளித்தான்.

1697இல் வைசூரி நகரைச் சூறையாடியது. இயன்றவர் ஊரைவிட்டு ஓடினர். நோயாளரை உறவினரே காட்டில் விட்டகன்றனர். அடிகளாரும் அவருடைய மருகர் கர்வாலோ அடிகளும் அவர்களுக்குக் கொட்டில் அமைத்து, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். சமய வேற்றுமை அங்கே பார்க்கப்படவில்லை.

இவற்றையெல்லாம் அம்பிட்டியக் குன்றில் நின்று பேசிக்கொண்டோம். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் நிறுவிய குருமடம் இருந்த இடம் அது. அம்மடம் 1955இல் பூனாவுக்குப் பெயர்ந்தது. இன்று இலங்கைக் குருமாணவர் பயிலும் தேசிய குருமடம் அங்கு உளது. அப்போது மாணவன் ஒருவன், “ஐயா, துன்பம் மனிதரைப் புனிதராக்குமென்றால், துன்புறுவோர் அனைவரும் புனிதராக வேண்டாமா?” என வினவினான்.

நல்ல வினாவே. சிறையிலிருந்து வன்மத்தோடு வெளிவருவோரும் உளர். பிணியால் மனங்கசந்தோரும் உளர். நெருப்பு பொன்னையும் சுடும், பதரையும் சுடும். சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்தில், துன்பத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையே பொறுமை முதலாய படிகளை வைத்துள்ளார். படியேறுதல் மனிதன் கடன். ஏறுதற்கு வேண்டும் வலிமையோ இறையருள் என்பது கிறித்தவர் கொள்கை. மோட்சம் துன்பத்துக்குக் கிடைக்கும் கூலியன்று. அன்பே உருவான இறைவனோடு வாழும் வாழ்வு. அவ்வாழ்வுக்கு ஏற்ற உள்ளம் இங்கேயே உருவாக வேண்டும் என்பர். சிறையிற் பொறுமையைப் பயின்ற அடிகளார், வைசூரி வந்தபோது அஞ்சாது நின்றது அவ்வாறே.

சைவர்களாகிய நமக்கும் இது புதிதன்று. நீற்றறையிலும் ஈசன் நிழலையே உணர்ந்த அப்பரடிகளை நாம் அறிவோம். எனினும் பிறர் துன்புறுவதைக் கண்டு, ‘இது அவரைப் பக்குவப்படுத்தும்’ எனக் கைகட்டி நிற்பது அறமாகாது. அடிகளார் தம் துன்பத்தைப் பொறுத்தார். பிறர் துன்பத்தைப் பொறுத்திருக்கவில்லை. மாணவர் மனங்கொள்ள வேண்டிய வேற்றுமை இதுவே.

1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் அடிகளார் கண்டியிற் காலமானார். அவரைப் புதைத்த இடம் எதுவெனத் துல்லியமாகக் காட்டுவார் இன்று எவருமிலர். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். கல்லறையில்லாத அத்துறவியின் பெயரை இலங்கைத் தமிழரும் சிங்களரும் ஒருங்கே சொல்லி வணங்குகின்றனர்.