கையெழுத்து போட்டுட்டேன்ணா

பொழிச்சலூரில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், செல்போன் பறிப்பு வழக்கில் ஜாமீன் கிடைத்து வந்த அன்று எங்களிடம் கேட்டான்: "அடி தாங்காம கையெழுத்து போட்டுட்டேன்ணா. எல்லாம் முடிஞ்சிதா?" ஸ்டேஷனில் முதல் கேள்வியே "எந்தத் தெரு, காலனியா?" என்பதுதானாம்.

முடியவில்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை, அடித்து வாங்கியிருந்தாலும் சரி, தானாகச் சொல்லியிருந்தாலும் சரி, சொன்னவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு. 2023 சட்டத்தில் 23. ஓட்டை ஒன்று உண்டு: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் புதரிலிருந்து ஏதாவது ஒரு செல்போன் தவறாமல் கிடைத்துவிடுகிறது.

தடா சட்டம் இந்தத் தடையையே தூக்கியது. எஸ்.பி. பதிவு செய்தாலே போதும். 1991இல் 19 வயதில் கைதான பேரறிவாளனின் வழக்கில், தடா குற்றங்கள் பொருந்தாது என்ற உச்ச நீதிமன்றம் (1999), தடாவில் வாங்கிய வாக்குமூலத்தை மட்டும் ஏற்றுத் தூக்கை உறுதிசெய்தது. பேட்டரி எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, பதிவுசெய்த சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன் 2013இல் ஒப்புக்கொண்டார். பேரறிவாளன் வெளியே வந்தது 2022இல்.

தம்பியிடம் கேட்டோம்: "போலீஸ் அடிச்சாங்களான்னு மாஜிஸ்திரேட் கேட்டாங்களே, என்னடா சொன்ன?"

"இல்லைன்னேன். பின்னாடியே நின்னாங்கல்லண்ணா."

ரிமாண்ட் உத்தரவிலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. சிறையில் சேர்க்கும்போது எழுதிய காயக் குறிப்பின் நகலுக்கு வக்கீல் மனு போட்டிருக்கிறார்.