சுவர்ப் பக்கம்

முதுகில் புண் வந்தவர்களுக்கு மல்லாந்து படுக்க முடியாது. எனக்குப் புண் இடது தோள்பட்டைக்குக் கீழே. வலது பக்கமாகத்தான் ஒருக்களித்துப் படுக்க முடிந்தது. கட்டில் சுவரோரத்தில் கிடந்ததால், மருத்துவமனையில் இருந்த 19 நாளும் என் கண்ணெதிரே இருந்தது சுவர்தான். பாதி உயரம் வரை பச்சைப் பெயிண்ட், அதற்கு மேல் வெள்ளை. பெயிண்ட் பொரிந்து உதிர்ந்த இடங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் முதுகோடு பேசிவிட்டுப் போனார்கள்.

டாக்டர் அதைக் 'கார்பங்கிள்' என்றார். அக்கா கேட்டவுடனே, "ராஜபிளவைதானே" என்றாள். எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்ட பெயர் அது. ஒரே கட்டிதான், ஆனால் பல கண் திறந்து சீழ் வடியும். பார்ப்பதற்குச் சல்லடை மாதிரி இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பிடரியிலும் முதுகிலும் வருவது அதிகம். அட்மிட் ஆன அன்று என் சர்க்கரை 412. இரண்டு வருஷமாக மாத்திரையை ஒழுங்காகப் போடாதது என் தப்பு. அறுத்து, அழுகிய சதையை எடுத்துவிட்டு, குழியைத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள். தினமும் காலையில் ரவுண்ட்ஸ் முடிந்ததும் டிரெஸ்ஸிங். பழைய துணியை உருவி எடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடிப்பேன்.

நான் 30 வருஷம் ஞாயிறு பள்ளி டீச்சர். எத்தனையோ பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். நோயாளிகளைப் பார்க்கப் போனால் வாக்குத்தத்த வசனம் ஒன்று சொல்லி, ஜெபித்துவிட்டு வருவேன். அந்த வசனங்களையே இப்போது எனக்குச் சொன்னார்கள். எல்லாம் தெரிந்த வசனங்கள், எல்லாம் உண்மையும்கூட. ஆனாலும் அவை என்மேல் பட்டு வழுக்கி விழுந்தன. வந்தவர்களில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "விசுவாசத்துல எங்கயாவது குறை இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க டீச்சர்" என்றார். அன்று இரவு முழுக்க யோசித்தேன். குறைகளுக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி, விடிவதற்குள் கடவுளிடம் பேசவே கூசிப்போனேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். வழக்கம்போல முதுகுப் பக்கம் உட்காராமல், ஆயாவைக் கூப்பிட்டாள். கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது. இரண்டு பேருமாக ஒரு முழம் அளவுக்கு இழுத்து விட்டார்கள். அந்த இடுக்கில் ஸ்டூலைப் போட்டு, சேலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

"ஏட்டி, என்ன வாசிக்க?" என்றாள்.

"பிளவை வந்த ராஜா கதையை வாசி" என்றேன். அந்த வார்த்தை இரண்டு நாளாகவே மனதுக்குள் கிடந்தது. எங்கள் வீட்டுத் தமிழ் வேதாகமத்தில் எசேக்கியா ராஜாவுக்கு வந்த நோய்க்குப் பிளவை என்றுதான் பெயர். என் முதுகில் இருந்ததும் அவன் உடம்பில் இருந்ததும் ஒரே நோயா என்று எனக்குத் தெரியாது. பெயர் ஒன்றாக இருந்ததே அன்றைக்குப் போதுமாக இருந்தது.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், 20ஆம் அதிகாரம். எசேக்கியா யூதாவின் ராஜா. 25 வயதில் பட்டத்துக்கு வந்து 29 வருஷம் ஆண்டவன். நோய்க்குப் பிறகு கிடைத்த 15 வருஷத்தைக் கழித்தால், படுக்கையில் விழுந்தபோது அவனுக்கு 39 வயதுதான். ஏசாயா தீர்க்கதரிசி வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள், நீ பிழைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதைக் கேட்ட ராஜா செய்தது ஒன்றுதான். முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறான்.

அக்கா நிறுத்தி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் அந்தப் பச்சைச் சுவர்.

எத்தனை முறை இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! ராஜா பிழைப்பான் என்பதற்கு அடையாளமாகப் பின்னோக்கிப் போன நிழலைப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். சுவர் ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை. மந்திரிகளும் வேலைக்காரர்களும் நிறைந்த அரண்மனையில், ஒருத்தர் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் அவன் திரும்பியிருக்கிறான். சுவரைப் பார்த்துப் படுத்தபடி, அழகான ஜெபம் ஒன்றும் அவன் செய்யவில்லை. நான் உமக்கு உண்மையாகத்தானே நடந்தேன், நினைத்துப் பாரும் என்று முறையிடுகிறான். பிறகு மிகவும் அழுகிறான், அவ்வளவுதான். அந்த அழுகையைக் கடவுள் குறைவான விசுவாசமாக எண்ணவில்லை. ஏசாயா நடு முற்றத்தைத் தாண்டுவதற்குள் அவரைத் திரும்பிப் போகச் சொல்கிறார். ஜெபத்தைக் கேட்டேன் என்பதோடு, கண்ணீரைக் கண்டேன் என்றும் சொல்லி அனுப்புகிறார்.

அட்மிட் ஆனதிலிருந்து நான் அழவில்லை. டீச்சர் அழக்கூடாது, சபையார் பார்ப்பார்கள் என்ற எண்ணம். அன்று அழுதேன். அக்கா தடுக்கவில்லை. தலையணை நனைந்தபோது அதன் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அடுத்த கட்டிலில் கடையத்துப் பக்கத்து ஆச்சி ஒருத்தி, கால் புண்ணுக்காகப் படுத்திருந்தாள். தலைமாட்டில் முருகன் படமும் திருநீற்றுப் பொட்டலமும் வைத்திருந்தவள். "ஏ தாயீ, அந்த ராசா பொழச்சாரா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பொழச்சாரு ஆச்சி. அத்திப்பழத்தை அடையாத் தட்டிப் பிளவை மேல பத்துப் போட்டாங்களாம்" என்றாள் அக்கா.

"அதான பாத்தேன்! எங்க வீட்டுலயும் பத்துத்தான் போடுவோம். மருந்து இல்லாம எப்படிக் கேக்கும்?" என்றாள் ஆச்சி. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தைய எருசலேம் ராஜா அவளுக்கு அடுத்த தெருக்காரனாகிவிட்டான். பிளவை, பற்று, அடை என்று நம் வீட்டுக் கைவைத்தியச் சொற்களையே மொழிபெயர்த்தவர்கள் எடுத்துப் போட்டிருந்ததால்தான் அது நடந்தது. அந்த முகம் தெரியாத மனிதர்களுக்கு அன்று நன்றி சொன்னேன்.

ஆச்சியின் கேள்வி என்னைப் பிடித்திருந்த ஒரு பாரத்தையும் இறக்கியது. கடவுளே தன் வாயால், மூன்றாம் நாள் நீ ஆலயத்துக்குப் போவாய் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகும் தீர்க்கதரிசி அத்திப்பழம் கேட்கிறார். யாரோ ஒருவர் அதைப் பிசைந்து, சீழ் பிடித்த இடத்தில் கைவைத்துப் பூசியிருக்க வேண்டும். வாக்கு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று அந்த அதிகாரம் பிரிக்கவில்லை. மறுநாள் காலையில் டிரெஸ்ஸிங் செய்ய வந்த சிஸ்டரின் விரல்களை வேறு கண்ணோடு பார்த்தேன். வலி குறையவில்லை. ஆனால் இன்சுலின் ஊசியைத் தண்டனை போல வாங்கிக்கொள்வதை அன்றோடு விட்டேன்.

அதன்பின் அக்கா தினமும் அந்த இடுக்குக்குள் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்டவை எல்லாம் நோயாளிகளின் பக்கங்கள். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்ட யோபு. அவன் சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் இராப்பகலாக ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகு அவர்களே அவனுக்குப் பாரமானார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது முறையிட்ட யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்றார்.

பவுலின் கடிதம் ஒன்றின் கடைசியில், வியாதியாயிருந்த துரோப்பீமுவை மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அப்போஸ்தலன், தன்னோடு ஊழியம் செய்தவனை நோயோடு விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. காரணம் சொல்லவில்லை, யார்மேலும் குறை சொல்லவில்லை. சுகமாகாதவர்களையும் வேதம் மறைக்காமல் வைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சங்கீதம் 150 உண்டு. அதில் 6ஆம் சங்கீதக்காரன் இராத்திரி அழுது படுக்கையை நனைக்கிறான். 88ஆம் சங்கீதமோ விடியாமலே, இருளோடு முடிகிறது. அதையும் யாரோ பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்தார்கள், தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். விடியாத இரவில் கிடக்கிறவர்களும் அந்தச் சபையில் சேர்த்திதான் என்று புரிந்தது.

எசேக்கியாவின் அந்த அதிகாரம் முடியும் இடத்தில், அவன் குளம் வெட்டி நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்த செய்தி ஒரு வரியில் வருகிறது. அந்தத் தண்ணீருக்காகக் குடைந்த சுரங்க வாய்க்கால் இன்றும் எருசலேமில் இருக்கிறது. பாறைக்குள் ஏறத்தாழ 533 மீட்டர். 1880இல் அதன் சுவரில் பழைய எபிரெய எழுத்தில் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அது இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு முனைகளிலிருந்தும் குடைந்துகொண்டு வந்த ஆட்கள், இடையில் மூன்று முழம் பாறை இருக்கும்போதே, எதிர்ப் பக்கத்து ஆள் கூப்பிடும் குரலைக் கேட்டார்கள் என்று அது சொல்கிறது. ஞாயிறு பள்ளிப் பாடத்துக்காக எப்போதோ படித்து வைத்தது. இரவு இரண்டு மணிக்கு வார்டில் யாரோ முனகும்போது, சுவரைப் பார்த்தபடி அதை நினைத்துக்கொள்வேன். இந்தப் பக்கம் நான் முனகுவது அந்தப் பக்கம் கேட்கிறது. அந்தப் பக்கமும் யாரோ என்னை நோக்கிக் குடைந்துகொண்டு வருகிறார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பல இரவுகள் அந்த நினைப்போடுதான் தூங்கினேன்.

ஆச்சி எனக்கு இரண்டு நாள் முன்பே டிஸ்சார்ஜ் ஆனாள். தடியை ஊன்றிக்கொண்டு கட்டிலைச் சுற்றி என் முகத்துப் பக்கமாக வந்து நின்று, "ஒனக்கும் பதினஞ்சு வருசம் உண்டு தாயீ" என்று சொல்லி நெற்றியில் திருநீறு பூசினாள். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

கூடக் கிடைத்த வருஷங்களை எசேக்கியா முழுவதும் நன்றாகச் செலவிட்டான் என்று சொல்ல முடியாது. அவன் நோயைக் கேள்விப்பட்டுப் பாபிலோனிலிருந்து தூதர்கள் கடிதமும் காணிக்கையுமாக வந்தார்கள். அவர்களுக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டினான். அவை எல்லாம் ஒருநாள் பாபிலோனுக்கே போய்விடும் என்ற எச்சரிக்கைதான் அதற்குக் கிடைத்தது. அழுத சுவரை அவர்களுக்குக் காட்டியிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன். அவனிடம் இருந்ததில் பாபிலோனுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாதது அது ஒன்றுதான்.

புண் ஆறி மூன்று வருஷம் ஆகிறது. தழும்பு மட்டும் குழியாக இருக்கிறது. மாத்திரை தவறுவதில்லை. இப்போதும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். போனவுடன் வசனம் சொல்வதில்லை. அவர்கள் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன்.

போன மாதம் எங்கள் சபைப் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் முதுகுப் பக்கம் நின்றிருந்தார்கள். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, ஸ்டூலோடு இடுக்குக்குள் நுழைந்து உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே, "வாசிங்க டீச்சர்" என்றாள்.

"எதை வாசிக்கம்மா?"

"அழுகிற மாதிரி ஏதாவது இருந்தா."

6ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். அவள் கண் நிறையத் தொடங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையணைமேல் விரித்துவிட்டு, வாசித்தேன்.