கறுப்புக் கண்ணாடி

ஒளியைக் கொண்டு படம் எழுதுவதே நிழற்படக் கலை. அவ்வாறிருக்க, கமராவின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்து ஒளியைத் தடுப்பானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். நாமும் ஒரு காலத்தில் வியந்தவர்களே.

நடுநிலை அடர்த்தி வடிகட்டி எனப்படும் இக்கண்ணாடி, எந்நிறத்தின் பக்கமும் சாயாது, எல்லா ஒளியையும் ஒரே அளவாகக் குறைப்பது. ஆதலின் நடுநிலை என்னும் பெயர் அதற்குப் பொருந்தும். ஒரு படி குறைத்தால் ஒளி பாதியாகும். மூன்று படி குறைத்தால் எட்டில் ஒன்றாகும். பத்துப் படி குறைத்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றே எஞ்சும். துவாரத்தின் அளவை மாற்றாவிடின், குறைந்த ஒளிக்கு ஈடாக ஷட்டர் நெடுநேரம் திறந்திருத்தல் வேண்டும். அந்நேரத்துள் அசையாதது பதியும், ஓடுவது கரையும்.

பதுளையை அடுத்த துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு ஒரு நாள் தந்தையாருடன் சென்றோம். 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் நீரைப் பட்டிழை போலப் படமாக்க வேண்டுமென்பது எம் ஆசை. வடிகட்டியின்றி அளந்தபோது 1/60 செக்கன் போதுமென்று தெரிந்தது. பத்துப் படி வடிகட்டிக்கு அது 17 செக்கனாயிற்று. வடிகட்டியைப் பூட்டிவிட்டால் பார்வைத் துளையில் இருளே தெரியும். ஆகவே கமராவை முக்காலியில் நிறுத்தி, காட்சியையும் குவியத்தையும் ஒழுங்கு செய்த பின்னரே அதனைப் பூட்டினோம்.

படம் எழிலாகவே வந்தது. நீர் வெண்புகையாயிற்று. ஆயின், அந்த 17 செக்கனுள் எம்முன்னே குறுக்காக நடந்து சென்ற தந்தையாரை அதிற் காணோம்! 1838 இல் பாரிஸ் நகர வீதியொன்றை டாகுவேர் படம் பிடித்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. வண்டிகளும் வழிப்போக்கரும் மறைந்தனர். சப்பாத்துத் துடைப்பிக்க அசையாது நின்ற ஒருவரின் உருவம் எஞ்சியது.

"நான் எங்கே?" என்று கேட்டுத் தந்தையார் நகைத்தார். வடிகட்டியைக் கழற்றி, அவரையும் சேர்த்து 1/60 செக்கனில் மீண்டும் ஒரு படம் எடுத்தோம். அதில் நீர் சிதறிய துளிகளாய் நின்றது. அழகில் முதற்படத்துக்கு ஈடன்று.

இன்று தந்தையார் இல்லை. நண்பர்கள் புகழ்வது முதற்படத்தை. எம் இல்லத்துச் சுவரில் இருப்பதோ இரண்டாவது. இக்கலையிற் புகும் மாணவர்கள் படிகளின் கணக்கை நன்கு கற்க வேண்டும். அத்துடன், வடிகட்டியைப் பூட்டுமுன் காட்சியில் நடப்பவர் எவரென்றும் ஒருமுறை பார்த்துக் கொள்வது நன்று.