ஒரே கார், இரண்டு பேர்



இன்று அண்ணனின் நினைவு நாள். காலையிலிருந்து ஆண்ட்ரெட்டி இரட்டையர் ஞாபகமாகவே இருக்கிறது.

1955-ல் இத்தாலிய அகதி முகாமிலிருந்து அமெரிக்கா போன குடும்பம் அது. 1959-ல் பென்சில்வேனியாவின் நசரேத் ஊர் மண் பந்தயத் தடத்துக்கு, மரியோவும் ஆல்டோவும் ஒரு பழைய ஹட்சன் காரோடு வந்தார்கள். அப்பாவுக்குத் தெரியாது. கார் ஒன்று, ஆசைப்பட்டவர் இருவர். நாணயம் சுண்டினார்கள். ஆல்டோவுக்கு விழுந்தது. மண்ணில் சக்கரம் வழுக்கும். இடப்பக்கம் வளைய ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அன்று ஆல்டோதான் முதலில் வந்தார். அடுத்த முறை மரியோ ஓட்டினார், ஜெயித்தார்.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் ஆல்டோ விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடந்தார். அப்போதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. பிறகு 1978-ல் மரியோ ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனார்.

எங்கள் வீட்டில், கல்லூரிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னார். “தம்பி போகட்டும்” என்றார் அண்ணன். நாணயம்கூடச் சுண்டவில்லை.

நீங்கள் என்னை ‘சார்’ என்று கூப்பிடும்போதெல்லாம், அதில் பாதி அவருக்குப் போய்ச் சேரட்டும்.