வெயிலுக்கு ஒரு பலகை

கொல்கத்தாவின் குளிரைத் தமிழ்நாட்டிலிருந்து வருவோர் முதலில் நம்புவதில்லை. சனவரி இரவுகளில் ஜாதவ்பூரில் வெப்பநிலை 14 பாகை செல்சியசை ஒட்டி இறங்கும். மனிதருக்கு ஒரு போர்வை போதும். கூண்டுக்குள் வளரும் பாம்புக்கோ பல்லிக்கோ போதாது. போர்வை உடல் உண்டாக்கும் வெப்பத்தைக் காப்பது. ஊர்வனவற்றின் உடலில் அவ்வாறு காக்கத்தக்க வெப்பம் மிகக் குறைவு. உண்டபின் உடல் சூடேறாவிடில் பாம்புக்கு இரை செரிக்காது, வயிற்றிலேயே அழுகும். 1876இல் திறக்கப்பட்ட அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் குளிர்காலந்தோறும் பாம்புக் கூண்டுகளுக்கு ஹீட்டர் வைப்பது இதனால்தான்.

‘குளிர்குருதி விலங்கு’ என்னும் பாடநூல் சொல் சற்றே வழிதவறச் செய்கிறது. நன்கு வெயில் காய்ந்த ஓணானின் குருதி மனிதக் குருதிக்கு நிகராகச் சூடேறும். மக்கள் வழக்கே துல்லியமானது. தமிழில் வெயிலும் காயலாம், தீயும் காயலாம். வங்காளத்தில் ‘ரோத் போஹானோ’, ‘ஆகுன் போஹானோ’. இரு மொழிகளிலும் இரண்டு வெப்பத்துக்கும் வினை ஒன்றே. இரவு கழிந்து விடிவதையும் வங்காளி அதே ‘போஹானோ’வால் சொல்வார். (பிறர் சண்டையில் குளிர்காய்வது தமிழர் கண்ட பொருள்விரிவு, ஓணான் அதற்குப் பொறுப்பாகாது.)

வெப்பப் பலகையை வீட்டிலேயே செய்ய முனைவோருக்குச் சாந்தினி சந்தையில் நிக்ரோம் கம்பி முதல் தெர்மோஸ்டாட் வரை எல்லாம் கிடைக்கும். கணக்கும் எளிது: 12 வோல்ட்டில் 40 வாட் வேண்டுமெனில் கம்பியின் மின்தடை 3.6 ஓம். கம்பியை மின்காப்புப் படலத்தின்மேல் பரப்பி, அலுமினியத் தகட்டின் பின்புறம் பொருத்தி, அதன் பின்னே வெப்பக்காப்பு வைத்தால் பலகை ஆயிற்று. 60 பாகையில் இருக்கும் தகடு 9 மைக்ரோமீட்டர் அளவிலான அகச்சிவப்புக் கதிரையே மிகுதியும் உமிழும். அது கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே விலங்கின் இரவு கெடாது. ஆனால் சாதாரணக் கண்ணாடி அக்கதிரை ஊடுருவ விடாது. மையக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஜாதவ்பூரிலேயே கண்ணாடிப் பெட்டியின் மேற்புறத்தில் பலகையை வைத்துவிட்டு வெப்பம் இறங்கவில்லையே என்று வியப்பது வேடிக்கைதான். பலகை உள்ளே, கூரையில், விலங்கு தொட முடியாதபடி கம்பிவலை மறைவில் இருக்க வேண்டும். உடலைச் சுடும் பரப்பிலிருந்து ஊர்வன எப்போதும் விலகிவிடுவதில்லை. பல நேரம் அப்படியே கிடந்து தோல் வெந்துபோகின்றன.

போதிய சூடு வருமா என்பதே செய்வோர் பலரின் கவலை. அதைவிடப் பெரிய கேள்வி, சூடு நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது. தெர்மோஸ்டாட்டின் ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்வது அரிதன்று. ஒட்டினால் மின்சாரம் நிற்காது. விடியும்போது பெட்டி அடுப்பாகியிருக்கும். எனவே தெர்மோஸ்டாட்டைச் சாராத வெப்ப உருகி ஒன்றைத் தொடரில் இணைப்பது கட்டாயம். இரவெல்லாம் எரிந்தாலும் உயிரைக் கொல்லாத அளவுக்கு வாட்டைக் குறைத்துக்கொள்வது அதனினும் நல்லது. சனவரிக்கு ஏற்ற வாட்டு கொல்கத்தாவின் ஏப்ரலுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இன்னொன்று, உணரி. அதை இறுகப் பொருத்தாவிடில் விலங்கு இரவில் குளிர்ந்த மூலைக்குத் தள்ளிவிடும். தெர்மோஸ்டாட் அந்த மூலையின் குளிரைப் படித்துக்கொண்டே பலகையை நிறுத்தாமல் எரித்துக்கொண்டிருக்கும்.