முதற்பக்கத்துக்கு வராத செய்தி

போதைப்பொருள் பற்றிய செய்தி எந்த வடிவில் மேசைக்கு வந்து சேரும் என்பது எமது தொழிலில் இருப்போர் அனைவருக்கும் தெரியும். இத்தனை கிலோகிராம் ஹெரோயின் கைப்பற்றப்பட்டது, இத்தனை பேர் கைது, பெறுமதி இத்தனை கோடி ரூபா. முப்பது வருடங்களாக இத்தகைய செய்திகளைத் திருத்தித் தலைப்பிட்டு வந்திருக்கிறேன். அப்பழக்கத்துக்கு அடிமையாகி, பின்னர் அதிலிருந்து மீண்டு, இன்று கொட்டாஞ்சேனையில் ஏதோவொரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி மட்டும் எந்தப் பொலிஸ் ஊடகப் பிரிவும் அறிக்கை அனுப்புவதில்லை.

செய்தி வராவிட்டாலும் தொலைபேசி அழைப்புகள் வரும். பத்திரிகைக்காரனுக்கு எல்லோரையும் தெரியும் என்றொரு நம்பிக்கை எமது மக்களிடம் உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து தாழ்ந்த குரலில், "எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு..." என்று தொடங்குவார்கள். சில நிமிடங்களில் அது சொந்தப் பிள்ளை என்பது புரிந்துவிடும். அதற்குள் குடும்பம் தனக்குத் தெரிந்த மூன்று வைத்தியங்களையும் பார்த்து முடித்திருக்கும்: கோவிலில் நேர்த்தி வைத்தல், கலியாணம் கட்டிவைத்தல், வெளிநாட்டிலுள்ள மாமனிடம் அனுப்பிவைத்தல். முதலாவதால் எவருக்கும் தீங்கில்லை. இரண்டாவது, இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வைப் பணயம் வைப்பது. மூன்றாவது, நோயை வேறொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது.

நோய் என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையான 'ஜாமா'வில் வெளியான கட்டுரையொன்று, சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதமானோர் மீண்டும் பாவனைக்குத் திரும்புவதைச் சுட்டிக்காட்டி, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நாட்பட்ட நோய்களின் நிலையும் இதனை ஒத்ததே என்று வாதிட்டது. சீனி கூடிவிட்டது என்பதற்காக நீரிழிவு நோயாளியை எவரும் வீட்டைவிட்டு வெளியேற்றுவதில்லை. மருந்தின் அளவை மாற்றி, உணவைக் கவனிக்கச் சொல்கிறோம். குடியிலிருந்து மீண்டவர் ஒருமுறை சறுக்கினால் மட்டும் "இவன் திருந்தமாட்டான்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

சிகிச்சை என்பதும் ஒரே சிகிச்சையன்று. முதற்கட்டம் உடலை நச்சிலிருந்து விடுவிப்பது. பல வருடங்களாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்வது ஆபத்தானது. வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிரே போகலாம். அது வைத்தியரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டிய காரியம். ஹெரோயினை நிறுத்தும்போது உடல்வலியும் வாந்தியும் வாட்டும். ஆனால் பெரிய ஆபத்து அதற்குப் பின்னரே வருகிறது. உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் வேளையில் பழைய அளவையே மீண்டும் எடுப்பவர் மரணிக்கக்கூடும்.

மருந்துகளும் உண்டு. ஹெரோயின் அடிமைநிலைக்கான மெத்தடோன், புப்ரெனோர்பின் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மதுவுக்கு நல்ட்ரெக்சோன், டைசல்பிராம் போன்றவை உள்ளன. இவற்றுள் டைசல்பிராம் பற்றி ஓர் எச்சரிக்கை. அதனை எடுத்தவர் மது அருந்தினால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்பன ஏற்படும். எனவே நோயாளியின் சம்மதத்துடன், வைத்தியரின் ஆலோசனைப்படியே கொடுக்கப்பட வேண்டும். "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று எவராவது மருந்து விற்றால் அப்பக்கமே போகாதீர்கள். இன்று இளைஞர்களிடையே பரவியுள்ள 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமினுக்கோ இவ்வாறான நிலைபெற்ற மருந்து எதுவும் இல்லை. அங்கே பேச்சுதான் பிரதான சிகிச்சை.

எமது அலுவலகத்தில் ஒப்புநோக்காளராக இருந்த மூத்தவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கொட்டாஞ்சேனைவாசி. சந்தியும் ஒற்றுப்பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. மாலை ஆறு மணிக்குப் பின்னர் அதே கண்கள் எழுத்தைப் பார்க்க மறுக்கும். வீட்டார் அவரை ஒரு நிலையத்தில் சேர்த்தனர். அங்கிருந்த உளவளத்துணையாளருக்குத் தமிழ் தெரியாது. அண்ணைக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமான அளவே. பக்கத்துக் கட்டிலில் இருந்த இளைஞன்தான் மொழிபெயர்த்தான். வெளியே வந்து இரண்டு மாதத்தில் மீண்டும் தவறணைக்குப் போனார். "தம்பி, என்ரை அப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒரு சின்னப் பொடியனைக் கொண்டு எப்படிச் சொல்லுவிக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். பின்னர் தமிழில் பேசக்கூடிய ஒருவர் வாய்த்தார். அதன் பிறகும் இருமுறை சறுக்கினார். ஆயினும் வாழ்வின் கடைசிப் பதினொரு வருடங்களும் சொட்டும் தொடவில்லை.

இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த பாடத்தையே அழைப்பவர்களிடம் சொல்லி வருகிறேன். இருதய சத்திரசிகிச்சையை மொழி தெரியாத வைத்தியரும் செய்துவிடலாம். உளவளத்துணையை அப்படிச் செய்ய இயலாது. நோயாளியின் உள்ளத்திலுள்ள மாற்ற விருப்பத்தைக் கேள்விகளால் வெளிக்கொணர்வது, எந்த வேளையில் எந்த எண்ணம் போத்தலை நோக்கி இழுக்கிறது என்பதை இனங்காணப் பழக்குவது, குடும்பத்தினரை அமர்த்திப் பேசுவது ஆகிய அனைத்துக்கும் மொழியே கருவி. 1935இல் அமெரிக்காவின் எக்ரன் நகரில் இரு குடிநோயாளர் தொடங்கிய 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' இயக்கமும் ஒருவர் தம் கதையைச் சொல்ல மற்றவர் கேட்பது என்ற அடித்தளத்திலேயே உலகெங்கும் பரவியது.

கொழும்பில் வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் வதிவிட நிலையங்களை நிறுவியது. சுமித்ரயோ அமைப்பின் 'மெல் மெதுர' கொழும்பிலேயே கட்டணமின்றியும் இரகசியம் பேணியும் உதவி வருகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. வசதியுள்ள சிலர் சென்னைக்கும் செல்கின்றனர். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அமைப்பே அங்குள்ள டி.டி.கே. மருத்துவமனையை நடத்துகிறது. நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் தனியான பயிற்சி அளிப்பது அதன் சிறப்பு.

"பிடித்துக்கொண்டுபோய் அடைத்தால் திருந்துவான்" என்ற எண்ணமும் எம்மிடையே வலுவாக இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாய சிகிச்சைக்கு இடமளிக்கிறது. 2022 ஜூன் இறுதியில் பொலன்னறுவை, கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் உயிரிழந்ததையடுத்து மோதல் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாம் மறந்துவிடலாகாது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கோரியிருந்தன. தப்பியோடத் தூண்டும் இடத்தில் எவரும் மனம் திறந்து பேசப்போவதில்லை.

சிகிச்சை நிலையத்தின் வாசலோடு சிகிச்சை முடிந்துவிடுவதுமில்லை. திரும்பி வருபவர் அதே ஒழுங்கைக்கு, அதே நண்பர்களிடம் வருகிறார். கொட்டாஞ்சேனையில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அது அவருக்கு வெட்கம். வெள்ளவத்தையில் எவருக்கும் எதுவும் தெரியக்கூடாது. அது அவருக்குத் தனிமை. ஆறு மாதத்துக்காவது வாரமொருமுறை சென்று பேச ஓரிடமும், பகலில் செய்ய ஒரு வேலையும், கலியாண வீட்டில் "ஒரு கிளாஸ்தானே" என்று நீட்டாத உறவினரும் அவருக்குத் தேவை.

ஆகவே, வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் பெற்றோர் எவரேனும் இதனைப் படித்தால், எந்த நிலையத்தை அணுகும்போதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளையுடன் தமிழில் பேச ஆள் உண்டா? வைத்தியர் பார்ப்பாரா? வீடு திரும்பிய பின்னர் எத்தனை மாதங்களுக்குத் தொடர்ந்து வரலாம்? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் சேருங்கள். அவர் மீண்டும் சறுக்கினால், அதே இடத்துக்கு மறுபடியும் கூட்டிச் செல்லுங்கள்.