இனிப்பு தின்றதால் வந்த நோயன்று



முதல் வகை இனிப்புநீர் நோயுள்ள பிள்ளையைச் சுட்டி, "மிட்டாய் தின்று வந்த வினை" என்று கூறுவதை ஈப்போவிலும் கேட்டிருக்கிறேன். பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். அஃது உண்மையன்று. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத் திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழிக்கிறது. அதற்கு அடையாளமான எதிர்ப்பொருள்கள், நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தென்படக்கூடும்.

அத்திட்டுகளை மாற்றிப் பொருத்த இயலாதா? இயலும். கனடாவின் எட்மண்டன் நகரில் மருத்துவர் ஜேம்ஸ் சப்பிரோ குழுவினர், கொடையாளர்களின் திட்டுகளைக் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தநாளத்தில் செலுத்தி, பெரியவர் எழுவரை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்ததாக 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆயினும், பின்னாளில் இச்சிகிச்சை பெற்றோருள் பலருக்கு ஊசி மீண்டும் தேவைப்பட்டது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளையும் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். பழைய தாக்குதல் மீண்டும் தலைதூக்கினால் புதிய திட்டுகளும் அழியலாம். 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த லான்டிட்ராவும், சர்க்கரை அடிக்கடி ஆபத்தான அளவுக்குத் தாழும் பெரியவர்களுக்கே உரியது.

ஆகவே, மாற்றுச் சிகிச்சை வந்துவிட்டதென நம்பி எவரும் பிள்ளையின் இன்சுலினை நிறுத்தலாகாது. வகுப்பில் அப்பிள்ளை வியர்த்து நடுங்கினால், நினைவோடிருக்கும்போதே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுப்போம். பாடம் காத்திருக்கும்.